இஓஎஸ்-04 ரேடார் படங்கள்: டெல்டாவில் பயன்படுத்தும் ஒருவனின் மதிப்பீடு

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவின் மேலே போகும் கேமரா செயற்கைக்கோள்கள் எல்லாம் மேகத்தைத்தான் படம் எடுத்து அனுப்பும். மன்னார்குடியும் தெரியாது, வேதாரண்யமும் தெரியாது. எந்த மாதத்தில் வயலைப் பார்த்தே ஆக வேண்டுமோ, சரியாக அந்த மாதத்தில் வானம் மூடிக்கொள்ளும். விவசாயிகள் குழுக்களுக்கு நிலப்படம் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு ரேடார் படம் இல்லையென்றால் மழைக்காலம் முழுக்க வேலையே இல்லை.

இங்கே நான் எடைபோடப் போவது இஓஎஸ்-04 என்ற நம் நாட்டு ரேடார் செயற்கைக்கோளை. முதலில் வைத்த பெயர் ரிசாட்-1ஏ. 2022 பிப்ரவரி 14 அன்று விடியற்காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி52 ராக்கெட் அதைக் கொண்டுபோய் விட்டது. எடை 1,710 கிலோ. உயரம் 529 கிலோமீட்டர். 10 ஆண்டு உழைக்கும் என்பது திட்டம். செயற்கைக்கோளுக்கெல்லாம் ஒருவன் விமர்சனம் எழுதுவானா என்று சிரிக்க வேண்டாம். அதன் படங்களை ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் 'பூநிதி' தளம் வழியாக இறக்கித்தான் என் வேலை நடக்கிறது. அந்த வகையில் நானும் ஒரு வாடிக்கையாளன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேங்கிய தண்ணீரைக் கண்டுபிடிக்க மிக நல்லது. நெல்லை நடவிலிருந்து அறுவடை வரை பின்தொடர நல்லது. ஊருக்குள் புகுந்த வெள்ளத்துக்கும் மலைச்சரிவுக்கும் அவ்வளவாக உதவாது. நமக்கு வேண்டிய நாளில் வராது என்பதுதான் பெரிய குறை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரை எங்கே போனது என்று கீழே சொல்கிறேன்.

ரேடார் தானே ஓர் அலையை அனுப்பி, நிலத்தில் பட்டுத் திரும்பி வருவதை அளக்கிறது. அதற்குச் சூரிய வெளிச்சமும் வேண்டாம், தெளிந்த வானமும் வேண்டாம். இஓஎஸ்-04 பயன்படுத்துவது சி-பேண்ட், அதாவது சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் அலைநீளம். மேகத்தை அது பொருட்படுத்தாது. நேர் கீழே பார்க்காமல் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அசையாத நீரில் சாய்வாகப் பட்ட அலை அந்தப் பக்கமே தெறித்துப் போய்விடும், திரும்பி வராது. அதனால் குளம், ஆறு, வெள்ளம் எல்லாம் படத்தில் கறுப்பு. செடியும் மரமும் அலையைப் பல பக்கம் சிதறடிக்கும், அதில் கொஞ்சம் திரும்பி வரும். அது சாம்பல். சுவரும் தரையும் சேரும் மூலைகள் அலையை வந்த வழியே திருப்பி அடிக்கும். ஊர்கள் பளீரென்று வெள்ளையாகத் தெரிவது அதனால்தான்.

நெல்லுக்கு இது வாய்ப்பாக அமைந்துவிட்டது. தொழி உழுது, தண்ணீர் கட்டி, நாற்று நட்ட வயல் முதல் படத்தில் கறுப்பாக இருக்கும். பயிர் தூர் கட்டக் கட்ட அடுத்தடுத்த படங்களில் வெளுத்துக்கொண்டே வரும். கதிர் வெளிவரும் பருவத்தை ஒட்டி அந்த ஏற்றம் நின்றுவிடும். தண்ணீரின் கறுப்பில் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் இப்படி ஏறுகிற பயிர் நம் பக்கத்தில் வேறு கிடையாது. கரும்பு இப்படிப் போகாது, பருத்தி போகாது, தென்னை ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கும். வெவ்வேறு நாள் படங்களை அடுக்கி வைத்து ஒவ்வொரு இடமும் எப்படி மாறியது என்று பார்த்தாலே, எங்கே நெல், எந்த வாரம் நட்டது என்று பிரித்துவிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பத்தாண்டுக்கு மேலாக ரேடாரை வைத்து நெல் பரப்பைக் கணக்கிடுவதும் இந்த அடிப்படையில்தான். அவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களை வைத்துச் செய்தார்கள். முறை ஒன்றுதான்.

புழுதி விதைப்பு செய்த வயலில் இந்தக் கணக்கு தடுமாறும். காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும்போது தொடக்கத்தில் அந்தக் கறுப்பே வராது. நடவு வயலுக்கு எழுதி வைத்த விதியை அப்படியே ஓட்டினால், கடைமடையில் பாதி ஊரை 'நெல் இல்லை' என்று காட்டிவிடும். நாகப்பட்டினம் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நேரடி விதைப்புக்குத் தனி விதி எழுதித்தான் ஆக வேண்டும். இது செயற்கைக்கோளின் குறை இல்லை. ஆனாலும் ரேடார் படம் வாங்கிவிட்டால் கணினியே எல்லாம் சொல்லிவிடும் என்று நம்பி வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெள்ளம் இதைவிடச் சிக்கலானது. ஒரு மாதப் பயிர் முழுக்க மூழ்கினால் படத்தில் கறுப்பு. நேற்று சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்பு. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எது அழிந்தது, எது இப்போதுதான் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தைய படம் வேண்டும். இன்னொரு கூத்தும் உண்டு. பயிரின் மேல்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அலை நீரில் பட்டுத் தண்டில் மோதி இரட்டைத் துள்ளலாக வலுவாகத் திரும்பும். அப்போது வெள்ளம் நிற்கும் வயல் வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரியும். கறுப்பை மட்டும் எண்ணி 'இவ்வளவு ஏக்கர் பாதிப்பு' என்று அறிக்கை கொடுத்தால், இடுப்பளவு நீரில் நிற்கும் கதிர்ப்பயிர் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

இந்த இடத்தில்தான் இஓஎஸ்-04 எனக்குப் பிடித்துப் போனது. எல்லோரும் பயன்படுத்தும் ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1, நம் பகுதிக்கு வழக்கமாகத் தருவது செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பி எடுக்கும் படத்தை. இஓஎஸ்-04 கிடைமட்டமாக அதிரும் அலையை அனுப்பி, கிடைமட்டமாக அதிர்வதையே வாங்கும் படத்தையும் தரும். எச்எச் என்பார்கள். செங்குத்தாக நிற்கும் நெல் தண்டுகள் செங்குத்து அலையைச் சீக்கிரம் விழுங்கிவிடும், கிடைமட்ட அலையை அந்த அளவுக்குத் தடுக்காது. எனவே பயிருக்கு அடியில் நிற்கும் தண்ணீர் எச்எச் படத்தில் கூடுதலாக எட்டிப் பார்க்கும். காற்றில் சிலுசிலுக்கும் நீர்ப்பரப்பும் எச்எச்சில் அவ்வளவாக வெளுக்காது. ஏரியின் ஓரம் நன்றாக வெட்டி எடுத்தது போல் கிடைக்கும். சாய்கோணமும் இதைக் கூட்டும் குறைக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் வெள்ளக் கணக்குக்கு இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் எச்எச் பக்கம்தான்.

இந்த வகைச் செயற்கைக்கோள்கள் கடக்கும் நேரம் காலை ஆறு, மாலை ஆறு வாக்கில். காலைப் படத்தில் காற்று குறைவு, நீர் அமைதியாக இருக்கும். மார்கழியில் மட்டும் பயிர் மேல் பனி கனமாக இறங்கியிருந்தால் அந்த ஈரம் திரும்பும் அலையின் அளவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். பயிர் திடீரென்று செழித்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது துல்லியம். ஒரு ஏக்கர் என்றால் சுமார் 4,047 சதுர மீட்டர். இலவசமாகக் கிடைக்கும் நடுத்தரக் கூர்மை முறைப் படத்தில் ஒரு கட்டம் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கருக்குப் பத்துக் கட்டம் வரும். வரப்பு, வாய்க்கால், பக்கத்து வயல் கலந்த கட்டங்களைக் கழித்தால் நான்கைந்து மிஞ்சும். அந்த நான்கைந்தும் ஒன்றுபோல இருக்காது. ரேடார் படத்துக்கே உரிய பொடிப்பொடியான இரைச்சல் ஒன்று உண்டு. என் பெரியப்பாவுக்கு முதன்முதலில் திரையில் காட்டியபோது, "என்னப்பா இது, ஊரே எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு. இதுல எங்க இருக்கு நம்ம வயலு?" என்று கேட்டார்.

"உங்க வயலைத் தனியாப் பார்க்க முடியாது பெரியப்பா. நம்ம கிராமம் முழுக்க எவ்வளவு மூழ்கிச்சுன்னு சொல்லலாம்."

"அப்ப காப்பீட்டுக்காரன் கிராமத்துக்குத்தான் கொடுப்பான், எனக்குக் கொடுக்க மாட்டான்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டில் வட்டாரம் முழுக்கப் பாதித்தால் கிராம அளவில்தான் இழப்பைக் கணக்கிடுகிறார்கள். அந்த அளவுக்கு இந்தப் படம் தாராளமாகப் போதும். சர்வே எண் வாரியாக, உட்பிரிவு வாரியாக இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

இதைவிடக் கூர்மையான படம் எடுக்க இந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் இல்லை. இதன் அண்ணனான ரிசாட்-1 காலத்திலேயே 1 மீட்டர் வரை கூர்மையாகப் பார்க்கும் முறை உண்டு. கூர்மை கூடக் கூடப் பார்க்கும் அகலம் குறையும், அதனால் யாருக்காக எங்கே திருப்புவது என்று யாரோ முடிவு செய்தாக வேண்டும். 2023இல் வந்த இந்திய விண்வெளிக் கொள்கைப்படி 5 மீட்டரும் அதைவிடச் சாதாரணமானதும் எல்லோருக்கும் இலவசம். அதைவிடக் கூர்மையானவை அரசுத் துறைகளுக்கு இலவசம், மற்றவர்களுக்கு விலைக்கு. எனக்கு இதில் புகார் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே தரத்தில் ஒரு படம் எடுக்கக் கடிதம், கையொப்பம், கட்டணம் என்று அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

ஆனால் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பது யார் என்பதை மறக்க வேண்டாம். இஸ்ரோவின் குறிப்பில் வேளாண்மை, காடு, தோட்டப்பயிர், மண் ஈரம், நீர்வளம், வெள்ளம் என்றுதான் இருக்கிறது. ஆனால் வயலைப் பார்க்கும் அலைதான் எல்லையையும் பார்க்கும். அசையாத கடல் கறுப்பு, அதில் நிற்கும் இரும்புக் கப்பல் பளீர் வெள்ளை. இரவிலும் புயலிலும் தெரியும். எந்த ராணுவம் வேண்டாம் என்று சொல்லும்? ரிசாட் வரிசையின் கதையே அதைச் சொல்கிறது. எண்ணைப் பார்த்தால் ஒன்று முன்பும் இரண்டு பின்பும் வந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கண்காணிப்பு அவசரமாகிவிட்டதால், இஸ்ரேலிய ரேடார் பொருத்திய ரிசாட்-2 முந்திக்கொண்டு 2009 ஏப்ரல் 20இல் ஏறியது. நாமே செய்த ரேடாரோடு ரிசாட்-1 ஏறியது 2012 ஏப்ரல் 26இல். 2025 மே மாதம், எல்லையில் பதற்றமான நாட்களில், இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் குறைந்தது 10 செயற்கைக்கோள்கள் நாட்டின் பாதுகாப்புக்காக இடைவிடாமல் வேலை செய்வதாகச் சொன்னார். எவை என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ஒரு ரேடாரால் ஒரே நேரத்தில் இரண்டு முறையில் படம் எடுக்க முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது குறைத்த மதிப்பெண்ணுக்கு வருகிறேன். இஓஎஸ்-04 அதே பாதைக்குத் திரும்ப 17 நாள். சம்பாவில் 17 நாள் என்பது மிக நீளம். காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, மழை கொட்டி, வயல் மூழ்கி, வடிந்து, பயிர் அழுகியே முடிந்துவிடலாம், அடுத்த படம் அதன்பிறகு வரும். ஆளை அனுப்பி வயலைப் பார்த்துவிடலாம் அதற்குள். படத்தின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. நிலத்தில் பொருத்தி, மேடுபள்ளத்துக்குச் சரிசெய்து, நேரடியாக ஆய்வுக்கு எடுக்கக்கூடிய வடிவில் நடுத்தர முறைப் படங்களைத் தருகிறார்கள், அது என் வேலையில் பாதியைக் குறைக்கிறது. ஒரே ஒரு செயற்கைக்கோளாக இருப்பதுதான் பிரச்சினை. இரண்டு இருந்தால் பாதியாகும்.

இரண்டாவது வந்திருக்கவும் வேண்டும். 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 ஏற்றிப் போன இஓஎஸ்-09 இதே குடும்பத்து ரேடார்தான். மூன்றாம் நிலையில் எரி அறையின் அழுத்தம் குறைந்து, ராக்கெட் பாதையை எட்டாமல் போய்விட்டது. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் ராக்கெட்டுக்காக வருத்தப்பட்டார்கள். நான் கைநழுவிப் போன படநாட்களுக்காக வருத்தப்பட்டேன்.

இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்பது இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. ரிசாட்-1 தன் ஐந்தாண்டுக் காலத்தை ஒட்டி ஓய்ந்துவிட்டது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, நாமே செய்த சி-பேண்ட் கண் மேலே இல்லை. கைகொடுத்தது சென்டினல்-1. இடையில் ரிசாட்-2பி வரிசை 2019, 2020இல் ஏறியது. அவை எக்ஸ்-பேண்ட், சி-பேண்டைவிடக் குறுகிய அலை. அந்தப் படங்கள் என்னைப் போன்றவர்கள் கைக்கு வருவதில்லை.

சென்டினல்-1 பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நேர்மையாக இருக்காது. ஒரு செயற்கைக்கோளுக்கு 12 நாள், 250 கிலோமீட்டர் அகலம், இலவசம். அடுத்து எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும், அந்த நாளில் வந்துவிடும். இணையத்திலேயே படங்களை ஆராய உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிறார்கள், இறக்கவே வேண்டாம். கல்லூரிப் பையன்கூட ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவு பாடங்கள் கிடைக்கின்றன. இஓஎஸ்-04க்கு அந்தத் துணை இல்லை. கோப்பை நாமே இறக்கி, நாமே திறந்து, நாமே முட்டி மோத வேண்டும். ஆகவே என் வழக்கம் இதுதான்: பயிரைத் தொடர்ந்து பார்க்கச் சென்டினல்-1, நடுவில் விழும் நாட்களுக்கும் எச்எச் தேவைப்படும் வெள்ளக் கணக்குக்கும் இஓஎஸ்-04. இரண்டும் சி-பேண்ட் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே வரைகோட்டில் எண்களைக் கலக்க வேண்டாம். கோணம் வேறு, அலை அதிரும் திசை வேறு. பயிர் விழுந்ததா, செயற்கைக்கோள் மாறியதா என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

வேதாரண்யம் உப்பளங்களும் கடலோர இறால் குட்டைகளும் எந்த ரேடாரிலும் ஆண்டு முழுக்க வெள்ளம் போலவே தெரியும். அவற்றை முன்பே வெட்டி ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் தெருவில் நிற்கும் நீரைக் கட்டடங்களின் பளபளப்பு மறைத்துவிடும், சென்னைத் தெருக் கணக்குக்கு இதை நம்ப வேண்டாம். நீலகிரி, கொல்லிமலை பக்கம் சாய்ந்து பார்ப்பதால் உச்சி அடிவாரத்தின் மேல் விழும், மறுபக்கம் நிழலில் போகும்.

நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்து 2025 ஜூலை 30இல் ஏறிய நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 12 மீட்டர் விரியும் ஆண்டெனா, நாசாவின் எல்-பேண்ட், இஸ்ரோவின் எஸ்-பேண்ட், 12 நாள், இலவசம். எல்-பேண்டின் 24 சென்டிமீட்டர் அலை இளம் நெல்லைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போகும், அதனால் நடவு கண்காணிப்புக்கு சி-பேண்டைத் தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம். தென்னைக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் நான் அதைத்தான் எடுப்பேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பூநிதியில் பதிவு செய்ததும் கோடைப் படங்களை முதலில் இறக்கி வையுங்கள். மழைக்காலப் படத்தோடு ஒப்பிட வறண்ட நிலத்தின் படம் வேண்டும், அதுவும் அதே பாதையில் அதே கோணத்தில் எடுத்ததாக. கோப்புகள் பெரியவை, வட்டில் இடம் விட்டு வையுங்கள்.